கிணற்றைப் பார்த்து வாங்க வேண்டிய பில்ரர்

எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைப் படை கட்டும். தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்துக் கழுவுவேன். அம்மாவும் அதைத்தான் செய்தார். அம்மம்மா தும்பால் தேய்த்தார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் இந்த வெள்ளைப் படை புதிதல்ல. அதே படை எங்கள் மீன் தொட்டிக் கண்ணாடியிலும் நீர்மட்டத்தை ஒட்டி ஒரு கோடாகப் படிந்தது. அந்தக் கோட்டுக்கும் தொட்டிக்குள் நடந்தவற்றுக்கும் தொடர்பு இருக்கிறது என்று விளங்க எனக்கு எட்டு மாதம் எடுத்தது.

தொட்டிக்கு எந்தப் பில்ரர் நல்லது என்று தெரிந்தவர்கள் நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ரெலிபோனில் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது. நான் இரசாயனம் படித்தவள் அல்ல, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எதையும் கொப்பியில் திகதி போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் தொழிலோடு வந்தது. எங்கள் வீட்டு அளவுகள் என்று கீழே சொல்பவை அந்தக் கொப்பியில் உள்ளவை.

தொடக்கம் 2021. மகனுக்கு அப்போது 10 வயது. நுளம்பு பெருகாமல் இருக்கக் கிணறுகளில் கப்பி மீன் விடும் வழக்கம் இங்கே உண்டு. அப்படி ஒரு கிணற்றிலிருந்து ஆறு கப்பிகளை ஜாம் போத்தலில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். "அம்மா, இதுகள் நுளம்புக் குடம்பியைத் தின்னுமாம், நாங்களும் வளர்ப்பம்" என்றான். முற்றத்தில் கிடந்த பிளாஸ்ரிக் பேசினில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி விட்டோம். பில்ரர் இல்லை, காற்று மோட்டர் இல்லை. பேசின் ஓரத்தில் பாசி படர்ந்தது. மூன்று மாதத்தில் ஆறு முப்பதுக்கு மேல் ஆகிவிட்டது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் மறந்துவிட்டேன்.

2022 தை மாதம் தொட்டி வாங்கினோம். 3 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லெல்லாம் போட்டு, விளிம்பிலிருந்து கொஞ்சம் குறைய நிரப்பினால் ஏறத்தாழ 110 லீற்றர் பிடிக்கும். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை. "அக்கா, கனிஸ்ரர் பில்ரர் போடுங்கோ, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். தொட்டிக்கு வெளியே, கீழே மூடிய வாளிபோல நிற்கும் பில்ரர் அது. ஒரு குழாய் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், இன்னொன்று திருப்பி அனுப்பும். நடுவில் ஸ்பொஞ்ச், பீங்கான் வளையங்கள், கரித்துண்டுகள். விலை என் அரை மாதச் சம்பளம். அதோடு பத்து நியோன் டெட்ரா மீனும் மூன்று ஏஞ்சல் மீனும் வாங்கினோம். மோட்டரைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை இறைத்து நிரப்பி, மூன்றாம் நாள் மீனை விட்டோம்.

ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் சிவந்திருந்தது. ஒரு கிழமைக்குள் ஏழு நியோனும் ஒரு ஏஞ்சலும் போய்விட்டன. மகன் ஒவ்வொன்றையும் மாதுளையடியில் புதைத்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "பேசினில இருந்ததுகள் ஒண்டும் சாகேல்லயே அம்மா" என்றான். தண்ணீர் மட்டும் கடைக்காரத் தம்பி சொன்னபடி கண்ணாடி மாதிரித்தான் இருந்தது.

அன்றிரவுதான் வாசிக்கத் தொடங்கினேன். மீன் செவுளாலும் கழிவாலும் அமோனியாவை வெளிவிடுகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். அது மிகவும் கூடினால் ஒழிய மீன் தாங்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். மீனுக்கு அது உயிர் போகிற வித்தியாசம். இந்தப் பற்றீரியாக்கள் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு பெருக நான்கு முதல் ஆறு கிழமை வரை வேண்டும். புதுப் பில்ரர் எத்தனை விலையானாலும் முதல் நாள் அது வெறும் வடிகட்டிதான், குப்பையைப் பிடிக்கும், அமோனியாவைப் பிடிக்காது. எங்கள் பேசினில் பாசி படர்ந்திருந்தது, மீன்கள் ஆறுதான், அதுகள் பெருகப் பெருகப் பாசியும் பற்றீரியாவும் கூடவே பெருகின. தொட்டியில் நான் ஒரே நாளில் பதின்மூன்று மீனை விட்டேன்.

இது எந்த ஊருக்கும் பொருந்துகிற கதை. நம் ஊருக்கென்று உள்ள பகுதி இனித்தான் வருகிறது.

துளி விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். கீற்றுக் கடதாசிகளும் விற்கிறார்கள், ஆனால் நம் ஊர் ஈரத்தில் அவை பழுதாகிவிடும், துளி மருந்தே நம்பகமானது. கிணற்றிலிருந்து அள்ளிய கையோடு பீ.எச்., அதாவது தண்ணீரின் அமில கார அளவு, பார்த்தேன், 7.3. அதே தண்ணீரை வாளியில் விட்டு, காற்று மோட்டரை ஒரு நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், 8.2. பரிசோதனைதான் பிழை என்று மூன்று தடவை திரும்பச் செய்தேன், மூன்றும் அதே அளவு.

காரணம் நம் காலடியில் இருக்கிறது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. வற்றாத ஆறு ஒன்றும் எங்களுக்கு இல்லை, வழுக்கையாறுகூட மழைக்கு ஓடி அடங்கிவிடும். பெய்யும் மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, மண்ணிலிருக்கும் காபனீரொட்சைட்டையும் எடுத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கல்லைக் கரைத்தபடி நிலத்தடியில் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். வெளியே வந்து காற்றுப் பட்டதும் அந்தக் காபனீரொட்சைட்டு பறந்துவிடும், பீ.எச். ஏறும், கரைந்திருந்த சுண்ணாம்பில் ஒரு பங்கு வெள்ளைப் படையாக வெளியே வரும். கேத்திலில் வெப்பத்தால் விரைவாக நடப்பது தொட்டியில் மெல்ல நடக்கிறது.

சரி, பீ.எச். 8.2 ஆனால் என்ன? அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று மீனுக்கு அவ்வளவு கெடுதி செய்யாதது, மற்றது கொல்லும். நம் வெயிலில் தொட்டித் தண்ணீர் 28 பாகைக்குக் கீழே வருவதே அரிது. அந்தச் சூட்டில் பீ.எச். 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் கொல்லும் வடிவம் 1 சதவீதம்கூட இல்லை. 8.2 ஆகும்போது அது ஏறத்தாழ 10 சதவீதம். சுண்ணாம்பு குறைந்த மென்னீர் உள்ள ஊரில் ஒருவர் செய்யும் அதே பிழையை நாங்கள் செய்தால், அதே அளவு அமோனியா பத்து மடங்குக்கும் மேலாக மீனைத் தாக்கும். இந்த ஒரு கணக்கை முன்பே தெரிந்திருந்தால் மாதுளையடியில் எட்டுக் குழி வந்திருக்காது.

நல்ல பக்கமும் உண்டு. அமோனியாவை மாற்றும் பற்றீரியாக்களுக்குக் காபனேற்று வேண்டும், அது எங்கள் தண்ணீரில் தாராளமாக இருக்கிறது. மென்னீர்த் தொட்டிகளில் பீ.எச். திடீரென்று சரிந்து விழும் என்று பயப்படுவார்கள். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. ஒருமுறை பற்றீரியா பிடித்துவிட்டால் நம் ஊர்த் தொட்டி அசையாமல் நிற்கும்.

ஆகவே எனக்குத் தேவைப்பட்டது, பற்றீரியாவுக்கு நிறைய இடமும் ஒட்சிசனும் கொடுக்கிற பில்ரர். கனிஸ்ரர் அதைக் கொடுக்கும்தானே என்று கேட்பீர்கள். கொடுக்கும், கறண்ட் இருக்கும்வரை.

இங்கே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிநேகிதி வீட்டுப் பழைய தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பொஞ்ச் ஒரு துண்டு வாங்கி வந்து என் கனிஸ்ரருக்குள் வைத்தேன். மாசி முடிவில் அமோனியா பூச்சியம், நைத்திரைற்று பூச்சியம். மிஞ்சிய மூன்று நியோனும் இரண்டு ஏஞ்சலும் தெளிந்துவிட்டன. பங்குனியில் மின்வெட்டு வந்தது. அந்த 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள், எல்லோருக்கும் நினைவிருக்கும். மூடிய வாளிக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால், உள்ளே இருக்கும் பற்றீரியாக்கள் இருக்கிற ஒட்சிசனைச் சில மணித்தியாலத்தில் முடித்துவிடும். பிறகு அவையே சாகத் தொடங்கும். கறண்ட் வந்ததும் மோட்டர் தானாக ஓடி, அந்த அழுகல் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் கொட்டியது. முட்டை அழுகிய மணம். காலையில் ஒரு ஏஞ்சல் மட்டும் இருந்தது.

அந்த ஏஞ்சலைக் காப்பாற்ற மகன் இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, செம்பால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து திரும்பத் தொட்டிக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர் விழுந்து தெறிக்கும்போது காற்றிலுள்ள ஒட்சிசன் கலக்கும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. அவனைப் பார்க்க எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வந்தது. தொண்ணூறுகளின் முதல் பாதியில் இங்கே கறண்ட் என்ற ஒன்றே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அண்ணா மிதியைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் அப்பா றேடியோச் செய்தி கேட்பார். ஒரு பொருளை வாங்கும்போது "கறண்ட் போனால் இது என்ன செய்யும்?" என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை அந்தக் காலம் எங்களுக்குப் படிப்பித்தது. கடையில் நின்றபோது அது எனக்கு நினைவு வரவில்லை.

அடுத்த கிழமை இரண்டு ஸ்பொஞ்ச் பில்ரர் வாங்கினேன். கனிஸ்ரர் விலையில் பத்திலொரு பங்குகூட இல்லை. ஒரு ஸ்பொஞ்ச் உருளை, நடுவில் ஒரு குழாய், காற்று மோட்டரிலிருந்து வரும் மெல்லிய ரியூப். காற்றுக் குமிழ் குழாய்க்குள்ளால் மேலே ஏறும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகும், அந்த இடத்தை நிரப்பப் பக்கத்துத் தண்ணீர் ஸ்பொஞ்சுக்குள்ளால் வரும். அழுக்கு ஸ்பொஞ்சில் தங்கும், பற்றீரியாவும் அதிலேயே குடியிருக்கும், ஒட்சிசனும் கூடவே கிடைக்கும். கறண்ட் போனாலும் ஸ்பொஞ்ச் தொட்டித் தண்ணீருக்குள் திறந்தபடிதான் நிற்கிறது, மூடிய வாளிக்குள் மூச்சு முட்டுவதுபோல் நடக்காது. மீன் பெருக்குகிறவர்கள் பலரும் இன்றுவரை இதைத்தான் பாவிக்கிறார்கள், குஞ்சை உறிஞ்சாது என்பது இன்னொரு காரணம்.

அலுவலகத்தில் கழித்துவிட்ட யூ.பி.எஸ். ஒன்றிலிருந்து 12 வோல்ற் பற்றறி எடுத்து, சின்னக் காற்று மோட்டர் ஒன்றை அதில் பூட்டிக் கொடுத்தார் என் கணவர். ஒரு இரவு முழுவதும் ஓடியது. வெட்டு எத்தனை மணித்தியாலம் என்றாலும் அதற்குப் பிறகு கறண்டால் ஒரு மீனும் சாகவில்லை. ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். காற்று மோட்டரைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே தட்டில் வையுங்கள், அல்லது ரியூப்பில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு போடுங்கள். கீழே வைத்தால் கறண்ட் போகும்போது தொட்டித் தண்ணீர் ரியூப் வழியே மோட்டருக்குள் இறங்கிவிடும்.

தொட்டியின் பின்கண்ணாடியில் தொங்கும் பில்ரரும் பார்த்தேன். குறைகூற ஒன்றுமில்லை, பஞ்சு மாற்றவும் வசதி. ஆனால் கறண்ட் வந்ததும் சில வகைகள் தானாகத் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே சுற்றும். பகலில் வீட்டில் ஆள் இல்லாத எங்களுக்கு அது சரிவராது. கல்லுக்கு அடியில் தட்டு வைக்கும் பழைய முறையில் அழுக்கு முழுவதும் கல்லுக்குள் இறங்கிவிடும், துப்புரவாக்க எல்லாவற்றையும் கிளற வேண்டும். புற ஊதா விளக்கு மிதக்கும் பாசியையும் சில கிருமிகளையும் கொல்லும், நம் பிரச்சினைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கரி நிறத்தையும் மணத்தையும் குளோரினையும் எடுக்கும். வன்மையையோ, அதாவது கரைந்த சுண்ணாம்பையோ, நைத்திரேற்றையோ எடுக்காது.

நைத்திரேற்று என்றதும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருந்தும் தொட்டியில் நைத்திரேற்று மட்டும் இறங்கவில்லை. புத்தகங்கள் எல்லாம் ஒரே வழி சொல்லும், கிழமைக்கு ஒருதரம் கால் பங்கு தண்ணீரை மாற்று. மாற்றினேன். லீற்றருக்கு 80 மில்லிகிராம் காட்டிய தொட்டி அடுத்த கிழமையும் 80 காட்டியது. பிறகுதான் கிணற்றுத் தண்ணீரையே நேராகப் பரிசோதித்தேன். பரிசோதனைக் குழாய்க்குள் சிவந்தது. 40க்கும் 80க்கும் நிறம் பிரித்தறிவது கடினம், அதனால் சரிபாதி மழைத்தண்ணீர் கலந்து பார்த்து இரண்டால் பெருக்கினேன். 60க்குக் கிட்ட. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

அப்பா வாசலில் இருந்தார். அவருக்கு 74 வயது. கோண்டாவிலில் வீட்டுக்குப் பின்னால் நான்கு பரப்பில் வெங்காயமும் கத்தரியும் போட்டே எங்களை வளர்த்தார். "என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி?" என்றார். குழாயைக் காட்டி விளங்கப்படுத்தினேன். யூரியாவும் மாட்டெருவும் பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு இறங்கும், மலசலகூடக் குழிகளிலிருந்தும் வரும், செம்மண்ணும் வெடிப்பு விட்ட சுண்ணாம்புக் கல்லும் அதை மறிக்காது. அவர் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "நான் போட்டதும் இதுக்குள்ள இருக்கும் பிள்ளை" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல? அந்த வெங்காயத்தில் படித்தவள் நான். எல்லோரும் போட்டார்கள், போடச் சொல்லித்தான் எல்லோருக்கும் சொன்னார்கள்.

தங்கைக்கு அப்போது கைக்குழந்தை. பால்மாவை இதே கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கரைத்துக்கொண்டிருந்தாள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாவதால் இன்னும் கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்வதை அது கெடுக்கக்கூடும். அன்றே தங்கைக்குச் சொல்லிக் குழந்தைக்கு வேறு தண்ணீருக்கு மாறச் செய்தோம். மீன் வளர்க்காவிட்டால் இது எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது. உங்கள் வீட்டில் தொட்டி இல்லாவிட்டாலும், கைக்குழந்தை இருந்தால் கிணற்றை ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும், தண்ணீரை அழுத்தி ஒரு சவ்வால் வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் வாங்கச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். ஆர்.ஓ. எல்லாவற்றையும் எடுக்கும் என்பது பெரும்பாலும் உண்மை. தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீற்றரில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் 620 காட்டுகிறது, கடையில் போத்தலில் வாங்கும் ஆர்.ஓ. தண்ணீர் 30. ஆனால் வீட்டுக்கு வாங்கும் சின்ன இயந்திரம் ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் தர மூன்று லீற்றர் வரை வெளியே விடும். ஆவணி மாதத்தில் கிணற்றின் அடிப்படி தெரியும்போது அப்படி ஊற்றிவிட என் மனம் கேட்கவில்லை. இன்னொன்று, அந்தச் சவ்வுக்கு 40, 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும். 15 அடி உயரத்தில் நிற்கும் தண்ணீர்த் தாங்கி 7 கூடத் தராது, தனி அழுத்த மோட்டர் வைக்க வேண்டும். அது கறண்டில் ஓடும். வன்மை நீக்கும் உப்பு இயந்திரம் ஒன்றும் விற்பனைக்கு இருக்கிறது. அது கல்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், நைத்திரேற்றைத் தொடாது. தலைமயிருக்கும் சவர்க்காரத்துக்கும் அது உதவும், மீனுக்கு உதவாது.

நான் செய்தது மூன்று காரியம்.

முதலாவது, மீனை மாற்றினேன். மிஞ்சிய ஏஞ்சலைத் திருநெல்வேலிச் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டு, பேசினிலிருந்த கப்பிகளை உள்ளே கொண்டுவந்தேன். மொலியும் பிளாட்டியும் சேர்த்தேன். மொலி வன்னீரில்தான் செழிக்கும், மென்னீரில் விட்டால் அது மெலியும். நியோன் டெட்ரா அமேசன் பக்கத்து மென்னீர் மீன். பண்ணையில் பிறந்தவை இப்போது ஓரளவு தாங்கும் என்றாலும், தாங்கச் செய்வதற்கும் வாழவைப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இரண்டாவது, மணி பிளான்ட். கொடியை வெட்டி, வேர் மட்டும் தண்ணீருக்குள் தொங்கும்படி தொட்டியின் பின்பக்கம் வரிசையாகக் கட்டினேன், இலை வெளியே. தொட்டிக்குள் வலிஸ்னேரியா நட்டேன், அது வன்னீருக்குப் பயப்படாத புல். இலை காற்றில் இருக்கும் செடி விரைவாக வளரும், வளர வளர நைத்திரேற்றைக் குடிக்கும். வேர் ஒரு சாண் நீண்ட பிறகு மாற்றம் தெரிந்தது. வைகாசியில் 80, ஆடியில் 40, புரட்டாதியில் 20. கிணற்றிலிருந்து வருவதைவிடத் தொட்டியில் இருப்பது குறைவு. அந்தப் பக்கத்தைக் கொப்பியில் மடித்து வைத்திருக்கிறேன். எந்தக் கடையிலும் இப்படி ஒரு பில்ரர் விற்க மாட்டார்கள், வேலியோரத்தில் சும்மா கிடக்கிறது.

மூன்றாவது காரியம் அந்த வெள்ளைக் கோட்டிலிருந்து வந்தது. தொட்டித் தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகும், சுண்ணாம்பும் நைத்திரேற்றும் உள்ளே நிற்கும். குறைந்ததைத் திரும்பவும் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் இன்னும் ஒரு பங்கு சேரும். கோடை முழுவதும் நான் அப்படித்தான் நிரப்பினேன், டி.டி.எஸ். 620ல் தொடங்கி 900 தாண்டியிருந்தது. ஆவியானதை ஈடுசெய்ய மழைத்தண்ணீர், மாற்றுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் என்று இப்போது பிரித்துவைத்திருக்கிறேன். ஓட்டுக் கூரையிலிருந்து வரும் தண்ணீருக்கு 200 லீற்றர்ப் பீப்பாய் இரண்டு வைத்திருக்கிறோம். முதல் இரண்டு மூன்று மழையை விட்டுவிடுவோம், கூரையின் தூசும் காக எச்சமும் அதில்தான் வரும். நுளம்பு வராமல் வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். மாற்றிய தொட்டித் தண்ணீர் அப்பாவின் கத்தரிக்குப் போகிறது. அந்த வரிசைக்கு அவர் இப்போது யூரியா போடுவதில்லை.

துப்புரவு பற்றி ஒன்று. ஸ்பொஞ்சைத் தொட்டியில் எடுத்த தண்ணீரில்தான் பிழிய வேண்டும். சென்ற வருடம் நான் கொழும்பு போயிருந்தபோது இப்போது ரவுணிலிருக்கும் தங்கை வீட்டில் தொட்டியை விட்டிருந்தேன். அவள் அன்பாக ஸ்பொஞ்ச் இரண்டையும் குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை கழுவி வைத்தாள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, பற்றீரியா போய்விட்டது, நான்கு மொலி செத்தன. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறந்த பிறகு குழாய்த் தண்ணீரை எதிர்பார்க்கும் வீடுகள் கூடியிருக்கின்றன. குடிக்க அது நல்லது, நான் அதை வரவேற்கிறேன். தொட்டிக்கு என்றால் முதல் நாளே வாளியில் பிடித்துக் காற்று மோட்டர் ஓடவிட்டு வையுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி துளி விடுங்கள். ஸ்பொஞ்ச் இரண்டு வைத்திருந்தால் ஒன்றை ஒரு மாதமும் மற்றதை அடுத்த மாதமும் பிழியுங்கள்.

இந்த மாரிக்கு ஒரு ஆசை இருக்கிறது. செர்ரி பார்ப் என்று ஒரு மீன், இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லை. தெற்கே ஈர வலயத்தில், மர நிழலில் ஓடும் சிற்றோடைகளில் வாழ்வது. இனம் பெருக்கும் காலத்தில் ஆண் மீன் பழுத்த செர்ரிப் பழம்போல் சிவக்கும். மகனுக்கு இப்போது 14, அவனே ஒரு 40 லீற்றர்த் தொட்டியைத் துடைத்து வைத்திருக்கிறான். முக்கால் பங்கு மழைத்தண்ணீர், கால் பங்கு கிணறு என்று கலந்து பார்த்தோம், டி.டி.எஸ். 170, ஒரு நாள் காற்று விட்ட பிறகு பீ.எச். 7.6. மழைத்தண்ணீர் மட்டும் என்றால் பீ.எச்சைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது, அதற்குத்தான் அந்தக் கால் பங்கு. கசூரினாக் கரையில் பொறுக்கிய சிப்பிகளைப் போடலாமா என்று கேட்டான். வினாகிரி ஒரு துளி விட்டுப் பார்க்கச் சொன்னேன். நுரைத்தது, அதுவும் சுண்ணாம்புதான். சிப்பிகளைத் திரும்ப யன்னல் கட்டில் அடுக்கிவிட்டான்.

பெரிய தொட்டி ஸ்பொஞ்சில் ஒன்றை இரண்டு மாதத்துக்கு முன்பே அந்தச் சின்னத் தொட்டிக்கென்று ஒதுக்கிவிட்டோம். பீப்பாய் இரண்டும் கழுவிக் கவிழ்த்துக் கிடக்கின்றன. நேற்றுப் பின்னேரம் வடகிழக்கில் கறுத்தது, பெய்யவில்லை.